தூண் ஒரு பாகை சாய்ந்தால்: மலையகத் தோட்டம் ஒன்றின் செய்மதி டிஷ், பொலரைசேஷன் இடையூறு - ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில், பள்ளத்தாக்கின் அடியில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. தோட்டத்தின் பெயரையும் அங்கிருந்தவர்களின் பெயர்களையும் சேவை தந்த நிறுவனத்தின் பெயரையும் தவிர்க்கிறேன். செய்மதியின் சரியான இடத்தையும் சொல்லப்போவதில்லை. கணக்குக்காக 93 பாகை கிழக்கு என்று வைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பள்ளத்தாக்கில் கைபேசிச் சமிக்ஞை சரியாகக் கிடைப்பதில்லை. மேட்டு டிவிஷனில் இரண்டு கோடு வரும், ஃபெக்டரிப் பக்கம் இறங்கினால் அதுவும் போய்விடும். அதனால் ஃபெக்டரி அலுவலகத்துக்கு இருவழிச் செய்மதி இணைப்பு ஒன்றை எடுத்திருந்தார்கள். 1.2 மீற்றர் டிஷ், கு-பேண்ட் (செய்மதித் தொடர்புக்குப் பாவிக்கும் ஒரு மீடிறன் வரிசை). கொழுந்து நிறுவைக் கணக்கு, கொழும்பு ஏலத்துக்குப் போகும் தேயிலையின் விவரங்கள், தோட்ட மருத்துவ உதவியாளர் ஆஸ்பத்திரியோடு பேசும் அழைப்புகள், மாலையில் பிள்ளைகளின் பாடம் என எல்லாமே இந்த ஒரு டிஷ் வழியாகத்தான் போயின.

மலை மறைக்கும் பள்ளத்தாக்கில் செய்மதி எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறோம். ஹட்டனிலிருந்து அந்தச் செய்மதியின் ஏற்றக் கோணம் ஏறத்தாழ 73 பாகை, அதாவது கிட்டத்தட்ட தலைக்கு மேல். எந்த மலையும் குறுக்கே வராது. இந்த உயரக் கோணம் நமக்குப் பெரிய வசதி. ஆனால் இந்த நிகழ்வில் இரண்டாம் முறை வந்த சிக்கலுக்கும் அதுவே காரணமானது.

சித்திரை மாத இடிமழையில் மின்னல் தாக்கி, டிஷ்ஷின் முன்னால் இருக்கும் அனுப்பும் கருவியும், டிஷ்ஷுக்கு அலையைக் கொடுத்து வாங்கும் முனையான ஃபீட்டும் பழுதாகின. வெளியிலிருந்து வந்த ஒரு தொழில்நுட்பவியலாளர் புதியவற்றைப் பொருத்திவிட்டுப் போனார். இணைப்பு அன்றே வேலை செய்யத் தொடங்கியது. ஏற்கெனவே பதிவான இடம் என்பதால், செய்மதி இணைப்புகளைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு நிலையத்தோடு சேர்ந்து செய்ய வேண்டிய பொலரைசேஷன் (அலை அதிரும் திசை) சோதனை அன்று நடக்கவில்லை.

முதல் அறிகுறி

சில வாரங்களுக்குப் பிறகு கட்டுப்பாட்டு நிலையத்துக்கு ஒரு புகார் வந்தது. அதே செய்மதியில், அதே மீடிறனில், எதிர்ப் பொலரைசேஷனில் இயங்கும் இன்னொரு வாடிக்கையாளரின் இணைப்பு விட்டு விட்டு அறுபட்டது.

இங்கே கொஞ்சம் விளக்கிவிட்டுப் போகிறேன். செய்மதியில் மீடிறன் விலைமதிப்பானது. அதனால் ஒரே மீடிறனை இரண்டு தடவை பாவிக்கிறார்கள்: கிடைப் பொலரைசேஷனில் ஒருவருக்கு, நிலைக்குத்துப் பொலரைசேஷனில் இன்னொருவருக்கு. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும்வரை ஒன்றை ஒன்று தொடாது. அனுப்பும் ஃபீட் கொஞ்சம் திரும்பியிருந்தால் நம் சமிக்ஞையின் ஒரு பங்கு அடுத்தவர் பக்கம் கசியும். கசிகிறவருக்கு எதுவுமே தெரியாது, பாதிக்கப்படுவது முன்பின் அறியாத ஒருவர். எங்கோ ஒரு வங்கிக் கிளையாக இருக்கலாம், ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியாகவும் இருக்கலாம். இந்த வேலையில் நான் மிகவும் மதிக்கும் ஒழுங்கு, கண்ணுக்குத் தெரியாத அந்த அடுத்தவருக்காக நாம் செய்யும் ஒழுங்குதான்.

இந்த வகை இணைப்புகள் தொடர்ச்சியாக அனுப்புவதில்லை, சிறு சிறு துண்டுகளாக அனுப்பும். அதனால் இடையூறும் துண்டு துண்டாகவே வந்தது, யாருடையது என்று உடனே பிடிக்க முடியவில்லை. கட்டுப்பாட்டு நிலையத்தினர் சமீபத்தில் கருவி மாற்றிய இடங்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றின் அனுப்புதலையும் சில நிமிடங்கள் நிறுத்திப் பார்த்தார்கள். நம் தோட்டத்தை நிறுத்தியதும் இடையூறு நின்றது. அளந்தபோது, எதிர்ப் பொலரைசேஷனில் கசிவது நம் சமிக்ஞையைவிட 11 டெசிபல் மட்டுமே குறைவாக இருந்தது. இந்த வித்தியாசத்தைத்தான் பிரிப்பு என்கிறோம். அவர்கள் கேட்கும் குறைந்தபட்சப் பிரிப்பு 30 டெசிபல்.

அன்றே அனுப்புதலை நிறுத்திவிட்டு, இணைப்பைச் சரிபார்க்கும் எங்களுக்குத் தகவல் தந்தார்கள். தோட்டத்துத் தொரை, பகலில் மட்டுமாவது திறந்துவிடும்படி கேட்டார். ஏல விவரம் அனுப்ப வேண்டிய வாரம் அது, அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அடுத்தவரின் இணைப்பும் பகலில்தான் வேலை செய்கிறது. திறப்பதில்லை என்று முடிவானது. மருத்துவ உதவியாளர் அவசரத்துக்கு மேட்டு டிவிஷன் போய் அழைப்பது, அலுவலகக் கணக்கை ஹட்டனுக்குக் கொண்டுபோய் அனுப்புவது என்று தற்காலிக ஏற்பாடு செய்தோம்.

இடத்தில் கண்டவை

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மோடத்தில் எந்தக் குறையும் சட்டென்று தெரியவில்லை. வரும் சமிக்ஞையின் பலம் நல்ல அளவில் இருந்தது. ஆனால் மோடப் பெட்டியின் பக்கவாட்டில், முன்பு பொருத்தியவர்கள் ஒட்டிவைத்த துண்டுச் சீட்டு ஒன்று இருந்தது. அதில் சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 13 என்று எழுதியிருந்தது. இப்போது 8.5 காட்டியது. பலம் அப்படியே இருக்க, தரம் மட்டும் நாலரை டெசிபல் விழுந்திருக்கிறது.

“மின்னலுக்குப் பிறகு கொஞ்சம் ஸ்லோதான் ஐயா. மூடுபனியால இருக்கும்னு நினைச்சோம்” என்றார் அலுவலகக் கிளாக்கர். அப்படி நினைப்பது இயல்பு, மலையகத்தில் எதற்கும் மூடுபனிதான் காரணம். ஆனால் மூடுபனி கு-பேண்டைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, கனமழைதான் செய்யும்.

ஃபீட்டின் கழுத்தில் பாகை அளவு பொறித்த வளையம் இருக்கிறது. அதில் ஏறத்தாழ 43 என்று நின்றது. பொருத்தியவர் விட்டுப்போன தாளில் பதில் இருந்தது: கருவியோடு வந்த நகரப் பட்டியல். இந்திய நகரங்கள் மட்டுமே இருந்தன, இலங்கையின் ஊர் ஒன்றும் இல்லை. பட்டியலில் நமக்கு மிக அருகில் இருந்தது சென்னை. அதற்குக் கீழே பேனாவால் கோடிட்டிருந்தார்.

தேசப்படத்தில் சென்னை நமக்குப் பக்கம்தான், நெடுங்கோடு கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆனால் பொலரைசேஷன் கோணத்தில் அகலக்கோடு பெரிய வேலை செய்கிறது. கணக்கு இதுதான்: செய்மதியின் நெடுங்கோட்டுக்கும் நம் நெடுங்கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் சைனை நம் அகலக்கோட்டின் தானால் (tan) வகுத்தால், திருப்ப வேண்டிய கோணத்தின் தான் (tan) கிடைக்கும். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க வகுக்கும் எண் சிறிதாகும், கோணம் வேகமாக ஏறும். 93 பாகைச் செய்மதிக்கு டில்லியில் ஏறத்தாழ 26.5 பாகை, சென்னையில் 43.5, யாழ்ப்பாணத்தில் 53, ஹட்டனில் 60.5. கண்டி, நுவரெலியா, பண்டாரவளை எதை எடுத்தாலும் 59க்கும் 61க்கும் இடையில்தான் வரும்.

ஆக 17 பாகை பிழை. இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பிழை நம் சொந்தச் சமிக்ஞையிலிருந்து எவ்வளவு குறைக்கிறது என்பது. வெறும் 0.4 டெசிபல். எந்த மீற்றரிலும் அது கண்ணில் படாது. எதிர்ப் பக்கம் கசிவதோ, கணக்குப்படி, நம் அளவைவிட 10 டெசிபல் மட்டுமே கீழே நிற்கும். கட்டுப்பாட்டு நிலையம் அளந்த 11 அதற்கு ஒத்துப்போனது. பலத்தைப் பார்த்துக்கொண்டு பொலரைசேஷனைச் சரிசெய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நம் பலம் எங்கே கூடுகிறது என்று தேடக் கூடாது, எதிர்ப் பக்கத்துக் கசிவு எங்கே அடங்குகிறது என்று தேட வேண்டும். அந்த அடக்கம் மிகக் கூர்மையாக இருக்கும்: 5 பாகை பிழையில் 21 டெசிபல் பிரிப்பு, 2 பாகையில் 29, 1 பாகையில் 35.

தரம் 13லிருந்து 8.5க்கு இறங்கியதற்கும் காரணம் அதுவே. நாம் அடுத்தவர் பக்கம் கசிந்ததுபோல, இறங்கிவரும் வழியில் அடுத்தவரின் சமிக்ஞையும் நம் ஃபீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

முதல் திருத்தம்

ஃபீட்டைத் தொடுவதற்கு முன்பு டிஷ்ஷின் திசைகோளையும் (கிடையாக எந்தத் திசையை நோக்குகிறது என்பது) ஏற்றக் கோணத்தையும் சமிக்ஞை உச்சத்துக்கு வரும்படி சரிசெய்தோம். இந்த ஒழுங்கு முக்கியம். இவ்வகை டிஷ்ஷில் ஃபீட் நடுவில் இல்லை, கீழே தள்ளி இருக்கிறது. அப்படியான டிஷ் செய்மதியை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் விலகிப் பார்த்தால், ஃபீட் சரியான கோணத்தில் இருந்தும் எதிர்ப் பொலரைசேஷனில் கசியும். முதலில் பொலரைசேஷனைச் சரிசெய்துவிட்டு அப்புறம் திசையைத் தொட்டால் செய்த வேலை வீண்.

அடுத்து வளையத்தில் 60க்குத் திருப்பி வைத்தோம். கிழக்கே உள்ள செய்மதிக்கு, டிஷ்ஷின் பின்னால் நின்று வானத்தைப் பார்க்கிறவருக்கு இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். ஃபீட்டின் முன்னால் நின்று டிஷ்ஷைப் பார்க்கிறவருக்கு அதுவே வலஞ்சுழி. இந்தக் குழப்பத்தில் வேலை கெட்டுப்போன இடங்கள் பல. அதனால் தொலைபேசியில் இடம், வலம் என்று பேசுவதில்லை என முதலிலேயே ஒப்புக்கொண்டோம். ஃபீட்டின் மேல்விளிம்பு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை ‘ஃபெக்டரிப் பக்கம்’, ‘பாதைப் பக்கம்’ என்றே சொன்னோம்.

கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்த பொறியியலாளர் ஒரு வெற்று மீடிறனைத் தந்து, பண்பேற்றம் இல்லாத (தகவல் ஏற்றாத) தூய அலையை மிகக் குறைந்த சக்தியில் அனுப்பச் சொன்னார். ஃபெக்டரியின் நிலத் தொலைபேசியில் கிளாக்கர் கேட்டுச் சொல்ல, நான் திருப்பினேன்.

“இன்னும் கொஞ்சம் ஃபெக்டரிப் பக்கம்... மெதுவா... இருபத்தியாறு... முப்பது... நிப்பாட்டச் சொல்றாங்க.”

பிரிப்பு முப்பத்துமூன்றில் நின்றது. ஆணிகளை இறுக்கியதும் 29க்கு இறங்கியது. இறுக்கும்போது ஃபீட் தன் கழுத்திலேயே சற்றுத் திரும்பும், எப்போதும் நடப்பதுதான். இறுக்கிய பிறகு கேட்கும் எண்தான் கணக்கு, இறுக்குவதற்கு முன் கேட்டது கணக்கில்லை. மறுபடி தளர்த்தி, இறுகும்போது திரும்பும் அளவுக்கு முன்கூட்டியே எதிர்ப்பக்கம் விட்டு, ஆணிகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். 32ல் நிலைத்தது. மோடத்தில் தரம் 13க்குத் திரும்பியது. அன்று மாலையே அனுப்புதல் திறக்கப்பட்டது.

இரண்டாம் முறை

வைகாசிக்குப் பிறகு தென்மேல் பருவமழை இறங்கியது. மேற்குச் சரிவில் உள்ள ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்துக்கு அதுதான் வருடத்தின் பெரிய மழை. நாள்கணக்கில் நின்று பெய்தது. ஒருநாள் இணைப்பு முற்றாக அறுந்தது.

ஃபெக்டரியில் மின் வேலை பார்க்கும் தம்பி கெட்டிக்காரர். முதல் தடவை நாங்கள் வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தார். மழை விட்ட நேரத்தில் டிஷ்ஷின் பின்பக்க ஆணியைத் தளர்த்தி, மோடத்தைப் பார்த்துப் பார்த்துத் திசைகோளைச் சில பாகை திருப்பினார். சமிக்ஞை பழைய பலத்துக்கு வந்தது, இணைப்பும் வந்தது. ஃபீட்டை அவர் தொடவே இல்லை.

முதல் நிகழ்வுக்குப் பிறகு கட்டுப்பாட்டு நிலையம் இந்த இடத்தை அவ்வப்போது தானாகவே அளந்துவந்தது. பிரிப்பு 21 டெசிபலுக்கு விழுந்திருப்பதாக அவர்களிடமிருந்து செய்தி வந்தது.

ஃபீட்டின் வளையம் நாங்கள் விட்ட இடத்திலேயே இருந்தது, ஆணிகள் இறுக்கமாக இருந்தன. ஃபீட் திரும்பவில்லை என்றால் வேறு எது திரும்பியது? டிஷ் நிற்கும் தூணின் தலையில் எண்காட்டும் மட்டப்பலகையை வைத்துப் பார்த்தோம். சரிவின் கீழ்ப்பக்கமாக 1.5 பாகை சாய்ந்திருந்தது. சரிவின் மேல்பக்கமாக, தூணின் அடியில், கொங்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது. ஊறிய மண் தூணோடு கீழே நகர்ந்திருக்கிறது.

ஒன்றரை பாகைச் சாய்வுக்கு ஏன் இவ்வளவு கசிவு என்பதுதான் இந்த ஆய்வை எழுத வைத்த விஷயம். செய்மதி அடிவானத்துக்கு அருகில் இருந்தால் தூண் பக்கவாட்டில் ஒரு பாகை சாய்வது பொலரைசேஷனிலும் ஒரு பாகைக்குச் சற்று மேல்தான். செய்மதி தலைக்கு மேலே இருக்கும்போது அப்படி இல்லை. சாய்ந்த தூணில் இழந்த திசையைத் திசைகோளைத் திருப்பி மீட்கப் போனால் நிறையத் திருப்ப வேண்டியிருக்கும். 73 பாகை ஏற்றத்தில் ஒவ்வொரு பாகைச் சாய்வுக்கும் 3 பாகைக்கு மேல். அப்படித் திருப்பும்போது டிஷ் செய்மதியை நோக்கும் அச்சைச் சுற்றியே சுழல்கிறது, ஃபீட்டும் கூடவே சுழல்கிறது. பூட்டும் சாவியும்போல இரண்டும் ஒரே அச்சில் நிற்கின்றன, டிஷ்ஷைச் சுழற்றுவதும் ஃபீட்டைச் சுழற்றுவதும் கிட்டத்தட்ட ஒரே வேலையாகிவிடுகிறது. சாய்வை ஏற்றக் கோணத்தின் கோசைனால் வகுத்தால் பொலரைசேஷன் பிழை கிடைக்கும். 73 பாகைக்கு அது மூன்றரை மடங்கு. ஒன்றரை பாகைச் சாய்வுக்கு 5 பாகைக்குச் சற்று மேல். அந்தப் பிழைக்குப் பிரிப்பு 21 டெசிபல். அளந்த எண்ணும் அதுதான்.

அதாவது தூண் பக்கவாட்டில் ஒரே ஒரு பாகை சாய்ந்து, யாராவது திசையை மீட்டுவிட்டால், பிரிப்பு 24 டெசிபலுக்கு வந்துவிடும். 30 என்ற எல்லை போய்விட்டது. இந்தச் சாய்வை வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்தத் தம்பியைச் சிலர் குறை சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை. மருத்துவ உதவியாளரின் அழைப்பு போக வேண்டியிருந்தது, மழையில் நனைந்துகொண்டு அவர் அதைச் செய்தார். திசையைத் தொட்டால் பொலரைசேஷனும் கூடவே போகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எடுத்த முடிவுகள்

ஃபீட்டை 5 பாகை திருப்பினால் அன்றே பிரச்சினை தீர்ந்துவிடும். அத்தோடு நிறுத்தாததற்குக் காரணம் அந்த வெடிப்பு. மண் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்த கனமழையில் இன்னொரு பாகை சாய்ந்தால் மறுபடி யாரோ ஒருவரின் இணைப்பு அறுபடும்.

முதல் தடவைபோல முழுவதும் நிறுத்திவைக்கவும் மனம் வரவில்லை. மழைக்காலம், மேட்டு டிவிஷன் பாதையில் மண் சரிந்திருந்தது, மருத்துவ உதவியாளர் அங்கே ஏறிப் போக முடியாது. கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேசியபோது அவர்கள் ஒரு வழி சொன்னார்கள்: எதிர்ப் பொலரைசேஷனில் அந்த நேரத்தில் யாரும் பாவிக்காத ஒரு மீடிறன் இருந்தது. ஃபீட்டைத் தற்காலிகமாகத் திருத்திவிட்டு, புதிய அடித்தளம் தயாராகும்வரை நம் இணைப்பை அங்கே மாற்றினார்கள். வேகம் குறைந்தது. பிள்ளைகளின் மாலைப் பாடம் நின்றது, அது வருத்தம்தான். அழைப்புகளும் அலுவலகக் கணக்கும் போயின.

புதிய இடத்துக்கு மூன்று தெரிவுகள் வந்தன. ஃபெக்டரியின் தகரக் கூரை காற்றில் அதிரும் என்பதால் அதை விட்டோம். சரிவிலேயே ஆழமாகத் தோண்டிக் கொங்கிரீட் போடலாம் என்றார்கள். நகரும் மண்ணில் ஆழம் கூடினாலும் மொத்தமாக நகரும் என்ற பயம் இருந்தது. மூன்றாவதைச் சொன்னவர் ஃபெக்டரியில் ஆயுள் முழுக்க வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். “பழைய எஞ்சின் நின்ன மேடை இருக்கே தம்பி, அது பாறை மேல கட்டினது. எங்க அப்பா காலத்துலயும் அசையல” என்றார். வாட்டும் கூடத்துக்குப் பின்னால், புல் மூடிக் கிடந்த கருங்கல் மேடை அது. மட்டம் பார்த்தோம், வெடிப்பு ஒன்றும் இல்லை. தலைக்கு மேல் பார்க்கும் டிஷ் என்பதால் கட்டடத்தின் நிழலும் விழவில்லை. அங்கேயே தூணை நட்டோம்.

தூணின் நேர்மைக்கு 0.2 பாகை என்று எல்லை வைத்தோம். மூன்றரையால் பெருக்கினாலும் 0.7தான் வரும், அது தாங்கும். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதாது. மட்டப்பலகையைத் தூணில் இரண்டு செங்குத்தான பக்கங்களில் வைத்துப் பார்த்தோம். இறுதிச் சோதனையில் பிரிப்பு 33 டெசிபல். பழைய மீடிறனுக்கும் பழைய வேகத்துக்கும் இணைப்பு திரும்பியது. அதன் பிறகு வந்த வடகீழ்ப் பருவமழையையும் அடுத்த தென்மேல் பருவமழையையும் மேடை அசையாமல் தாங்கியது, பிரிப்பு 32க்குக் கீழே போகவில்லை.

இனி மாற்றிச் செய்வது

ஃபீட்டையோ அனுப்பும் கருவியையோ கழற்றிப் பூட்டினால், பழைய இடம் என்றாலும் பொலரைசேஷன் சோதனை முடியும்வரை அனுப்புதல் திறக்கக் கூடாது என்று கட்டுப்பாட்டு நிலையம் விதியை மாற்றியது. எனக்கு இதில் மிகவும் பயன்படுவதாகத் தெரிவது இதுதான். முதல் நிகழ்வு முழுவதையும் இந்த ஒரு அழைப்பு தடுத்திருக்கும்.

நகரப் பட்டியலுக்குப் பதிலாக மலையக ஊர்களுக்கான கோணங்களை நாங்களே கணித்து ஒரு தாளில் அச்சிட்டு வைத்திருக்கிறோம். இருந்தாலும் அந்த எண்ணைத் தொடக்கமாக மட்டும்தான் எடுக்கிறோம். சில செய்மதிகளின் பொலரைசேஷனே பூமத்திய ரேகைத் தளத்திலிருந்து சற்றுச் சாய்த்து அமைக்கப்பட்டிருக்கும். கணக்கு அதைக் காட்டாது, கசிவு அடங்கும் இடம் காட்டும்.

தூணிலும் டிஷ் தலையிலும் ஃபீட்டின் கழுத்திலும் வண்ணக் கோடு போட்டிருக்கிறோம். கோடு விலகியிருந்தால் எது நகர்ந்தது என்று தொலைபேசியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மோடத்துக்குப் பக்கத்தில் பலத்தோடு தரமும் தூணின் சாய்வும் எழுதும் ஒரு அட்டை தொங்குகிறது. அந்த மின் வேலைத் தம்பிதான் மாதம் ஒருமுறை மட்டப்பலகை வைத்து எழுதுகிறார். சமிக்ஞை விழுந்தால் திசையைத் தொடுவதற்கு முன் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அழைக்க வேண்டும் என்பதையும் அதே அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தார்.

லயன் வீடுகளின் கூரையில் இருக்கும் தொலைக்காட்சி டிஷ்களுக்கும் இந்தக் கோணக் கணக்கு பொருந்தும். அவை அனுப்புவதில்லை, அதனால் அடுத்தவருக்கு இடையூறு இல்லை. ஆனால் வெயிலில் எல்லாம் வந்து, மழையில் சில அலைவரிசைகள் மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறது என்றால் டிஷ்ஷின் முன்னால் இருக்கும் வாங்கும் கருவியான எல்என்பியின் கோணத்தைப் பார்ப்பது நல்லது. அந்தத் தோட்டத்தில் பார்த்த பல வீடுகளில் எல்என்பி நேராகவே பூட்டப்பட்டிருந்தது. கேட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தோம். மீதி வீடுகளுக்கு அந்தத் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டிருக்கிறார்.